பதினைந்து விநாடி முன்சூடு

ஞானசிகாமணிக்கு மனுஷர்கள் மேல் இருந்த மதிப்பு போனது நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, சுமார் ஒரு மணிக்கு. அதற்கு முன்பும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இருந்த கொஞ்சநஞ்சமும் அன்றைக்குப் போயிற்று.

அன்றைக்குத்தான் அந்த ஊர் நீதிமன்ற வளாகத்தில், ஜெராக்ஸ் கடைக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவில், கழிவிரக்கக் கூடத்தைத் திறந்து வைத்தார்கள். வருத்தத்தை எண்ணெயாக வடித்துவிடலாம் என்று எங்கேயோ யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். தேன் மாதிரிக் கெட்டியான எண்ணெய். அதைச் சுண்டுவிரல் பருமன் குப்பியில் அடைத்து, பேனா மாதிரி இருக்கும் ஒரு குழலில் திருகி, பட்டனை அமுக்கி ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சனும் அரை நிமிஷத்தில் தான் செய்ததை நினைத்து வருந்துவான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் கழிவிரக்க ஊதுகோல். ஜனங்கள் வைத்த பெயர் அழுகுழல்.

சட்டமும் கூடவே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் குழலை இழுத்து, உண்மையாக வருந்தினார் என்று அலுவலர் சான்று கொடுத்துவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. அவர் தரப்பில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அதுவே கடைசி உண்மை. வருந்திய மனுஷன் பொய் சொல்லுவானா என்ன?

அப்போது வருந்தினானா இல்லையா என்று கண்டுபிடித்து நிரப்ப ஒரு பாரம் வேண்டுமே. தலைமைச் செயலகத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்து, ஆறு மாதம் பஜ்ஜி தின்று, ஒரு பாரம் தயாரித்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தரும் குழலை இழுத்துப் பார்க்கவில்லை. பாரத்தில் இரண்டே கேள்வி. இடது கண்ணில் கண்ணீர் வந்ததா? வலது கண்ணில் கண்ணீர் வந்ததா? அளக்க ஒரு காகிதத் துண்டு. இமைக்குக் கீழே ஒட்டி, பத்து மில்லிமீட்டர் நனைந்தால் வருத்தம். ஒன்பது நனைந்தால் வருத்தமில்லை.

முதல் நாள் முதல் கேஸ் ராக்கியண்ணன் என்கிற எலக்ட்ரீசியன். கூட்டாளி கம்பத்தின் மேலே இருக்கையில் கீழே ஃபியூஸைப் போட்டுவிட்டான், கூட்டாளி செத்துப்போனான். குழலை இயக்கியவர் ஞானசிகாமணி. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், குழலோடு கொடுத்த எண்பத்துநாலு பக்கப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஆத்மா. புத்தகத்தில் சொன்னபடியே எல்லாம் செய்தார். ராக்கியண்ணன் இழுத்தான். அழவில்லை. நாக்கு உலர்ந்துபோய், எதிரே இருந்த சுவரைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எறங்கிட்டியாடான்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமில்லீங்? எத்தன நேரமாயிருக்கும், ஒரு நிமிசம் ஆகுமுங்களா?"

காகிதம் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. அலுவலர் பத்மலோசனி, இடது இல்லை, வலது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வருத்தமற்றவன் என்று வழக்கு மன்றத்துக்குத் திரும்பிப் போய், ராக்கியண்ணனுக்கு ஏழு வருஷம் கிடைத்தது.

இரண்டாவது கேஸுக்கு ஞானசிகாமணி புத்தகத்தில் ஒரு படியை விட்டுவிட்டார். முந்தின கேஸில் மாதிரி சதி பண்ணாமல், குழல் இந்தத் தரம் தாரைதாரையாக அழவைத்தது. அன்றிலிருந்து அந்தப் படி விட்டது விட்டதுதான். நாலு வருஷமாக அந்தக் கூடத்தில் அழாதவன் கிடையாது. மாநிலத்திலேயே அதிகமாக வருந்துகிற மாவட்டம் என்று பத்மலோசனிக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஞானசிகாமணி எல்லாரையும் பார்த்தாயிற்று. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவர்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவர்கள், செல்போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு அழுதவர்கள். ஒருத்தன் முக்கால் மணி நேரம் விக்கி விக்கி அழுது, சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் கரும்புச்சாறு கடையில் ஐஸ் குறைச்சல் என்று கடைக்காரனின் சட்டையைப் பிடித்தான். 'இந்த ஜாதிக்கு வருத்தம் ஒரு கேடா' என்று ஞானசிகாமணி நினைத்துக்கொள்வார். இந்த ஜாதி என்று அவர் சொன்னது மனுஷ ஜாதியை. தன்னை அதில் சேர்த்துக்கொள்வதில்லை.

அவருக்கும் கண்ணில் நீர் வரும். ஒவ்வொரு கேஸும் முடிந்த பிறகு, குழலில் மிச்ச எண்ணெய் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இயக்குபவர் ஒரு சின்ன இழுப்பு இழுத்துத் துப்புரவு செய்ய வேண்டும். அப்போது பொலபொலவென்று கொட்டும். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

*

கமலவேணி வந்தது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். தறிக்குப் போகிறவள், நாற்பது வயது இருக்கும். கையில் எவர்சில்வர் தூக்கு, அதைச் சுற்றி ஒரு துண்டு. கேஸ் பதினோரு மணிக்கு. அவள் ஒன்பதரைக்கே வந்து, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரனின் ஆட்டைத் திருடித் தின்ற ஒருவன் அழுதுவிட்டுப் போவதை முழுசாகப் பார்த்தாள். அப்புறம் எழுந்து மேஜைக்கு வந்தாள்.

"ஏனுங்கய்யா, செவுத்துல படம் ஒட்டியிருக்குதே, அதுல ஆரஞ்சு லைட்டு போட்டிருக்குதுங்க. நீங்க அமுக்கறப்ப அது எரியவே இல்லீங்களே?"

நாலு வருஷத்தில் நீதிபதி கேட்டதில்லை, வக்கீல் கேட்டதில்லை, கேடயம் கொடுத்த மந்திரி கேட்டதில்லை. ஞானசிகாமணிக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. படித்ததைச் சொல்ல ஒரு காது கிடைத்தால் யாருக்குத்தான் குளிராது?

"அஞ்சு அமுக்கு அமுக்கினா குழலுக்கு உயிர் வரும்மா. ரெண்டு அமுக்கு அமுக்கினா முன்சூடு. ஆரஞ்சு பதினஞ்சு விநாடி மினுக்கும். அதுக்குள்ள கெட்டி எண்ணெய் இளகிடும். பச்சை வந்ததும் இழுக்கணும்."

"இளகறதுக்கு முன்னாடி இழுத்தா?"

"எண்ணெயில லேசு, கனம்னு ரெண்டு சரக்கு இருக்கு. லேசு உடனே ஆவியாகும். அது வெறும் கண்ணீர். கனமானது அடியில நிக்கும். அதுதான் குத்தல். சூடு காட்டாம அது எழும்பாது."

கமலவேணி மறுபடி சுவர்ப் படத்தைப் பார்த்தாள். "அப்ப இத்தன நாளா எல்லாத்துக்கும் நீங்க கண்ணீரத்தான் ஊதிவிட்டிருக்கறீங்க."

"கண்ணீரைத்தானே பாரத்துல கேக்கறாங்க? குத்தல் ஏறினவன் அழமாட்டான். அவனுக்கு அழ எங்க நேரம்? செஞ்சதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருப்பான். வாயி உலர்ந்துடும். காகிதம் நனையாது. நனையலைன்னா அவன் வருத்தப்படலைன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"ஒம்பது பேரு சேர்ந்து சொன்னாங்க."

அவள் சிரிக்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் விஷயத்தைச் சொன்னாள். அவள் புருஷன் சென்னியப்பன், நாச்சிமுத்து முதலாளியிடம் கண்டக்டர். முதலாளிக்கு ஏழு பஸ். போன வருஷம் அதில் ஒன்று மலையடிவாரத்தில் தீப்பிடித்தது. சென்னியப்பன் முன்படி வழியாக ஒவ்வொருத்தராக இறக்கிவிட்டுப் பின்னால் போனவன் திரும்பவில்லை, அங்கே சிக்கியிருந்த ஐந்து பேரும் திரும்பவில்லை. பின்னால் அவசரக் கதவு இருந்தது. திறக்கவில்லை. கண்டக்டர் கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார்.

"எங்கூட்டுக்காரரு மூட்டை ஏத்த மாட்டாருங்க. ஏத்துனா பில்லு போடோணும், பில்லு போட்டா மொதலாளி திட்டுவாரு, அதனால ஏத்தவே மாட்டாரு. அது ஊருக்கே தெரியும். ஆனா இன்னிக்கு மொதலாளி அழுதுபோட்டுப் போனா, செத்தவருதான் அஞ்சு பேரக் கொன்னாருன்னு கெவர்மெண்டு புஸ்தகத்துல நின்னுரும். எம்பட பையன் நாளைக்கு எங்க போனாலும் அது பின்னாலயே வரும். எனக்கு அந்தாளு அழுகோணும்னு இல்லீங்க. கதவ அடச்சது யாருன்னு அவரு வாயில வரோணும்." அவள் குழலைக் காட்டினாள். "நீங்க அந்த ரெண்டு அமுக்கு அமுக்குங்க."

"அமுக்க விடமாட்டாங்கம்மா. அவங்க வக்கீல் திருவேங்கடம் பக்கத்துலயே நிப்பார். ஆரஞ்சு மினுக்கினா இன்னொரு தரம் பட்டனைத் தட்டிடுவார், முன்சூடு நின்னுடும். அவருக்குப் புத்தகம் தெரியாது, ஆனா ஆரஞ்சு வந்தா கட்சிக்காரன் கெட்டான்னு தெரியும்."

"சூடு பட்டன்ல இருந்துதான் வரோணுமுங்களா?"

"எண்ணெய்க்கு அடுப்பா, பேட்டரியான்னு தெரியவா போகுது?"

"எத்தன சூடுங்க? கை பொறுக்குமா, பொறுக்காதா?"

"பொறுத்தும் பொறுக்காமலும். ரொம்ப ஏத்தினா எண்ணெய் தீஞ்சுடும். தீஞ்ச வருத்தம் தன்னிரக்கமாயிடும். 'என் நெலமையைப் பாத்தீங்களா'ன்னு பாட்டு பாட ஆரம்பிச்சுடுவான்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் டீக்கடைப் பக்கம் போனாள். இந்தம்மாவுக்கு என்ன புரிந்திருக்கும் என்று ஞானசிகாமணி உதட்டைப் பிதுக்கினார்.

*

நாச்சிமுத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் மடித்து வைத்த புதுக் கைக்குட்டையோடு வந்தார். கல்யாணத்துக்கு மொய் வைக்க வந்தவர் மாதிரி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். கைக்குட்டையில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

விதி என்னவென்றால், குழலைப் பாதிக்கப்பட்டவர் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். தாம்பூலம் கொடுக்கிற மாதிரி ஒரு பண்பாடு இருக்கட்டும் என்று அந்த ஒன்பது பேரில் ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே ஞானசிகாமணி ஐந்து அமுக்கு அமுக்கி உயிர் கொடுத்துக் குழலைக் கமலவேணியிடம் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருவேங்கடம் எழுந்து தம் கட்சிக்காரரின் தரும சிந்தனையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வதாகச் சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் சொன்னார். கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட் வரைக்கும் வந்தது.

பத்தாவது நிமிஷத்தில் ஞானசிகாமணி பார்த்தார். கமலவேணியின் மடியில் தூக்கு இருந்தது. தூக்கின் வாயோரம் ஆவி கசிந்தது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்திருக்கிறாள். குழல் தூக்கோடு ஒட்டினாற்போல் துண்டுக்குள்ளே கிடந்தது. நொடிக்கொரு தரம் அவள் விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுட்டால் துண்டை ஒரு மடிப்பு கூட்டினாள். ஆறினால் ஒரு மடிப்பு பிரித்தாள். பஸ் இன்ஜின் மூடி மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்து மத்தியானம் வரை சூடு காக்கிற புருஷனோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவள். அவளுக்குச் சூட்டைப் பற்றி எண்பத்துநாலு பக்கம் தேவைப்படவில்லை.

ஞானசிகாமணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரக்கப்பட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாற்பது நிமிஷம் பேசி, தன் கட்சிக்காரனைத் தானே சூடுபடுத்திக்கொண்டிருக்கிற வக்கீலைப் பார்க்க அவருக்கு ஆனந்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

பேச்சு முடிந்தது. கமலவேணி குழலை நீட்டினாள். திருவேங்கடம் குனிந்து பார்த்தார். ஆரஞ்சு இல்லை. தலையை ஆட்டினார். நாச்சிமுத்து பட்டனை அமுக்கி மூன்று விநாடி இழுத்து, கைக்குட்டையை விரித்துத் தயாராக உட்கார்ந்தார்.

அழுகை வரவில்லை.

கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. முகத்தில் சந்தனம் மட்டும் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் இடம் மாறிவிட்ட மாதிரி.

"பன்னெண்டு" என்றார்.

"ஐயா, அழுங்க" என்றார் திருவேங்கடம்.

"பன்னெண்டு ஸ்க்ரூ. கதவு மேல பலகை வெச்சு நானேதான் முடுக்கினேன். ஏழு பஸ்ஸுலயும் அந்த எடத்துல மூணு சீட்டு போட்டேன். பட்டறைக்காரன் மாட்டேன்னுட்டான். கடைசி ஸ்க்ரூ கை தவறிக் கீழ உருண்டு போச்சு. சென்னியப்பன்தான் குனிஞ்சு தேடி எடுத்துக் குடுத்தான். 'வேண்டாங்க மொதலாளி, கதவு கதவாவே இருக்கட்டுங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தான் குடுத்தான். நான் 'டிக்கெட் கிழிக்கிற வேலையப் பாருடா'ன்னேன்." நாக்கால் உதட்டைத் தடவினார். "அந்த ஒரு ஸ்க்ரூ கெடைக்காம போயிருந்தா, பலகை கொஞ்சம் ஆடியிருக்குமுங்களா?"

கமலவேணி தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

பத்மலோசனி காகிதத் துண்டை ஒட்டினாள், எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள். "இடது இல்லை. வலதும் இல்லை."

"மேடம், அவரு ஒத்துக்கிட்டாருங்களே!" என்றாள் கமலவேணி.

திருவேங்கடத்துக்கு இப்போது மூச்சு திரும்பியிருந்தது. "சான்றளிக்கப்பட்ட வருத்தத்தோட சொன்னாத்தாம்மா வாக்குமூலம். வருத்தமில்லாம சொன்னா அது வெறும் பேச்சு. சட்டத்துல இருக்கு."

"ஆமா" என்றாள் பத்மலோசனி வருத்தத்தோடு. நாலு வருஷத்தில் முதல் தோல்வி, கேடயம் போய்விடுமே. "வருத்தமே இல்லாதவர் சொல்றதை எப்படி நம்பறது?" வழக்கு பழையபடி மன்றத்துக்குப் போகும், வாய்தா வரும், அதுவரை கண்டக்டர்தான் அடைத்தார் என்று விசாரணை அறிக்கையில் உள்ளது உள்ளபடியே என்று எழுதி முடித்தாள்.

நாச்சிமுத்து எதையும் காதில் வாங்கவில்லை. எழுந்து, கும்பிடாமல், கமலவேணியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். "அம்மிணி, ஸ்க்ரூ டிரைவர் இங்க எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

*

எல்லாரும் போன பிறகு ஞானசிகாமணி வழக்கம்போலக் குழலை எடுத்து, வாயில் வைத்து, அடைப்பெடுக்கும் இழுப்பை இழுத்தார். கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கை விட்டார்.

கண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, குழல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரைத்தான் ராக்கியண்ணனும் பார்த்தான். புத்தகத்தில் அறுபத்தோராம் பக்கம். 'முன்சூடு சரியாக அமைந்தால் பயனாளிக்குக் கண்ணீர் வராது. நாவறட்சியும் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் உண்மையான வருத்தத்தின் அறிகுறிகள்.' அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின ஞாயிறே அதைப் படித்துவிட்டார். பத்மலோசனி பேனாவைத் திறந்தபோது அது அவருக்குத் தெரியும். ஆனால் மணி ஒன்றாகியிருந்தது, கேண்டீனில் அன்றைக்குப் பிரியாணி, தாமதமானால் தீர்ந்துவிடும். பாரம் போட்டது அவரா? படிக்காத முட்டாள்களுக்கு அவர் ஏன் பாடம் எடுக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்தார். குழலைக்கூடச் சாப்பிட்டு வந்து, ஆறின பிறகுதான் துப்புரவு செய்தார்.

'மேடம், அறுபத்தோராம் பக்கத்தைப் பாருங்க' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எத்தனை நேரமாயிருக்கும், ஒரு நிமிஷம் ஆகுமா?

நாக்கு உலர்ந்தது. அந்தக் கேள்வி இன்னொரு தரம் வந்தது. அப்புறம் இன்னொரு தரம்.

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடத்தைப் பூட்டாமலே, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

சிறைச்சாலை இருக்கிற ஊருக்குப் போகிற பஸ் நாச்சிமுத்துவுடையதாக இருந்தது. பின்னால் ஒரு சின்னக் கூட்டம். முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குள்ளே மண்டி போட்டு, அவசரக் கதவின் மேலிருந்த பலகையை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே பெயர் எழுதுகிறவன் ஒருத்தன் மஞ்சள் பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தான். 'தீப்பிடித்த பஸ்ஸில் கதவை அடைத்தது நான். கண்டக்டர் சென்னியப்பன் அல்ல. இப்படிக்கு நாச்சிமுத்து, உரிமையாளர்.' பக்கத்தில் தூக்கோடு கமலவேணி.

"சென்னியப்பன்ங்கறத இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றாள் அவனிடம். ஞானசிகாமணியைப் பார்த்ததும், "கோர்ட்டுக்குச் செல்லாட்டிப் போகுதுங்க. பஸ்ஸுக்குப் பின்னால வர்றவன் படிப்பானில்ல" என்றாள்.

நாச்சிமுத்து கதவு வழியாகத் தலையை நீட்டினார். "நீங்கதான அந்தக் குழல்காரரு? இது எத்தன நாளைக்கு இருக்குமுங்க?"

"முழு இழுப்புக்கு மூணு மாசம்னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பழையபடி நீங்கதான்."

நாச்சிமுத்து பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், தன்னையே எங்கோ தூரத்தில் பார்த்துவிட்டவர் மாதிரி. "அந்தாளு வர்றதுக்குள்ள மிச்சமிருக்கற ஆறு பஸ்ஸையும் முடிச்சுப்போடோணும். எழுத்த அவன் அழிக்காம இருக்கறதுக்கு என்ன பெயிண்டுங்க அடிக்கோணும்?"

"எழுதாதீங்க. தகடுல வெட்டி, வெல்டிங்ல பத்த வெச்சிடுங்க" என்றார் ஞானசிகாமணி.

பலகை கழன்றதும் ஞானசிகாமணி ஏறி உட்கார்ந்தார், பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான்.

"ஜெயில் ஸ்டாப். எத்தனை மணிக்குப் போகும்?"

"ஆறாயிருங்க. பாக்கறதுக்கு விடமாட்டாங்களே இன்னிக்கு? நாளைக்குக் காத்தால போயிக்கலாமுங்களே?"

ஞானசிகாமணி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் இழுத்தது அடைப்பெடுக்கிற சின்ன இழுப்பு. அரை நாள் தாங்குமா, ஒரு நாள் தாங்குமா என்று எண்பத்துநாலு பக்கத்தில் எங்கேயும் போடவில்லை. நாளைக் காலையில் கண்விழிக்கப்போகிற ஆள் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவனை அவர் ஐம்பத்திரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறார். எழுந்ததும் காபியில் சர்க்கரை போதவில்லை என்பான். கேண்டீனில் என்ன என்று விசாரிப்பான். ராக்கியண்ணனா, யாரந்த முட்டாள் என்பான்.

கைக்குட்டையால் புத்தகத்தைச் சுற்றி, அறுபத்தோராம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் தம்பி" என்றார். "கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லு."